வங்கக் கடலில் ஒரு கிராக்கன்

கைப்பேசியில் விளையாடும் மாணவ நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். உலகின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இணையத்தின் வழியே ஒரே கற்பனை உலகில் கூடி, ஆளுக்கொரு வேடம் பூண்டு ஆடும் விளையாட்டுகள் இன்று பல உள்ளன. ஒருவர் போர்வீரர், ஒருவர் வைத்தியர், ஒருவர் மாலுமி. அந்த உலகத்துக் கடலில் எப்போதோ ஒரு முறை ஓர் அரிய பூதம் தலை காட்டும். அதைக் கண்டவர் பேறு பெற்றவர். காணாதவர் இரவெல்லாம் கண் விழித்துக் காத்திருப்பார்.

அந்தப் பூதம் ஏன் அரிதாக இருக்கிறது? நிரல் எழுதியவர் அப்படி ஓர் எண்ணைக் குறித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அவர் எழுதியிருந்தால், ஆயிரம் முறை கடலுக்குப் போனால் கட்டாயம் பூதத்தைக் கண்டுவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு முறையும் காணாமல் திரும்புவதற்கான வாய்ப்பு 0.999. அதை ஆயிரம் முறை தன்னால் பெருக்கிப் பாருங்கள்; 0.37 வரும். அதாவது ஆயிரம் முறை போன பிறகும் நூறு பேரில் 37 பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். இரவில் கண் விழிப்பதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து கொள்வது நல்லது!

விளையாட்டுக் கடலில் 'அரிது' என்பது ஒருவர் எழுதி வைத்த எண். மெய்யான கடலில் அந்த எண்ணை எழுதுபவர் யார்? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு, 150 ஆண்டுகளுக்கு முன் நமது வங்கக் கடலில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு நிகழ்ச்சியை ஆராய்வோம் வாருங்கள்.

1874, மே 10

மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கக் குன்றின் மீது ஏறி நின்று தென்கிழக்கே நோக்குங்கள். நம் கதை நிகழ்ந்த இடம் அத்திசையில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அக்காலத்தில் இக்குன்றின் மேல் விளக்கு கிடையாது. 1887இல்தான் இங்குள்ள ஒலக்கணேசுவரர் கோயிலின் மேல்தளத்தில் கப்பல்களுக்காக விளக்கு ஏற்றத் தொடங்கினார்கள். சென்னையிலும் கப்பல் ஒதுங்கி நிற்கத் தக்க துறைமுகம் அமையவில்லை. கொழும்பிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் நமது கரையைக் கடந்து சென்று, சென்னைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சென்று ஆட்களையும் சரக்கையும் இறக்கி வரும்.

அப்படிக் கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த 'ஸ்ட்ராத்தோவன்' என்னும் நீராவிக் கப்பலின் பயணி ஒருவர், தாம் கண்டதாக ஒரு செய்தியை இந்தியச் செய்தித்தாள்களுக்கு அனுப்பினார். அதனை 1874 ஜூலை 4ஆம் நாள் இலண்டன் 'டைம்ஸ்' இதழ் எடுத்து வெளியிட்டது. செய்தியின் சாரம் இதுதான்.

மே 10ஆம் நாள் மாலை. கடல் அசைவற்றுக் கிடந்தது. கதிரவன் மறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தது. கப்பலுக்கு வலப்புறம், இரண்டு மைல் தொலைவில், காற்றின்றி நின்றுவிட்ட ஒரு சிறு பாய்க்கப்பல் தெரிந்தது. பயணி தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். பாய்க்கப்பலுக்கு அருகில் நீரோடு நீராக ஒரு நீண்ட மேடு மிதந்தது. அது மெல்ல நகர்ந்து கப்பலை நெருங்கியது, மோதியது, மேலே ஏறியது. கப்பல் ஆடிச் சாய்ந்து, பக்கவாட்டில் கவிழ்ந்து, மூழ்கிப் போயிற்று. நீராவிக் கப்பல் விரைந்து சென்று நீரில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றியது.

பிழைத்தவர்களில் ஒருவர் அப்பாய்க்கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பிளாய்டு. கப்பலின் பெயர் 'பேர்ல்', முத்து என்று பொருள். கொள்ளளவு 150 டன். மொரீசியசிலிருந்து இரங்கூனுக்கு நெல் ஏற்றிவரப் போய்க்கொண்டிருந்தது. வழியில் காலித் துறையில் குடிநீர் பிடித்துக்கொண்டு புறப்பட்ட மூன்றாம் நாள் காற்று நின்றுவிட்டது. அப்போது கடலிலிருந்து ஒரு பெரும் பிண்டம் எழுந்ததாம். பிளாய்டு துப்பாக்கியை எடுத்தார். பில் டார்லிங் என்னும் மாலுமி, அது கணவாய், அதைச் சீண்டினால் கப்பலைக் கவிழ்த்துவிடும் என்று தடுத்தார். பிளாய்டு கேட்கவில்லை, சுட்டுவிட்டார். பிறகு நடந்ததை முன்பே சொன்னேன். அந்தப் பிராணியின் உடல் கப்பலின் பருமன் இருந்தது, நீளம் கப்பலில் பாதி இருந்தது, அதற்குப் பின்னே நூறு அடிக்கு வால் போல நீண்டிருந்தது, மரங்களைப் போன்ற கைகள் பாய்மரங்களின் இடையே புகுந்து வளைத்தன என்பது பிளாய்டின் வாக்குமூலம்.

கணவாய் நமக்குப் புதிதன்று. கோவளத்திலும் காசிமேட்டிலும் ஊசிக் கணவாயும் ஓட்டுக் கணவாயும் கூடை கூடையாக வருகின்றன. அதன் எட்டுக்கால் உறவினனுக்குப் பேய்க்கணவாய் என்று நம் மீனவர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். குழம்பில் கிடக்கும் கணவாயின் இனத்தில் ஒன்று கப்பலைக் கவிழ்க்குமா? பிற்காலத்தில் எத்தனையோ நூல்கள் இச்செய்தியை அப்படியே எடுத்தாண்டிருக்கின்றன. நாம் சற்று நிதானிப்போம்.

சாட்சிகளை விசாரிப்போம்

முதலில் கண்ணைக் கேட்போம். இரண்டு மைல் என்பது ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர். நல்ல மனிதக் கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளைப் பிரித்துக் காணும். 3.2 கிலோமீட்டரில் அது சுமார் ஒரு மீட்டர் இடைவெளிக்குச் சமம். வெறுங்கண்ணுக்கு ஒரு மேடு தெரியும், கைகள் தெரியா. ஆனால் சாட்சியிடம் தொலைநோக்கி இருந்தது. ஏழு மடங்கு பெருக்கும் கருவியாயின் 15 சென்டிமீட்டர்ப் பொருளும் புலப்படும். ஆகவே இந்த இடத்தில் கதை தப்பிவிடுகிறது. ஒன்றை நம்பக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு விசாரிப்பது அறிவியல் ஆகாது. தப்பியதைத் தப்பியது என்றே எழுத வேண்டும்.

அடுத்து நிலப்படத்தை விரியுங்கள். பிளாய்டு தந்த இடம் வடக்கு அட்சம் 8 பாகை 50 கலை, கிழக்குத் தீர்க்கம் 84 பாகை 5 கலை. காலியிலிருந்து இரங்கூன் செல்லும் பாய்க்கப்பல் மூன்று நாளில் இவ்விடத்தை அடைவது இயல்பே. தொலைவு சுமார் 525 கிலோமீட்டர். மணிக்கு 7 கிலோமீட்டர் வேகம் போதும். ஆனால் நீராவிக் கப்பல் அங்கு எப்படி வந்தது? இலங்கையின் கிழக்குக் கோடி 82 பாகைக்குச் சற்று உள்ளேயே இருக்கிறது. சென்னையோ 80 பாகை 17 கலையில் உள்ளது. காலியைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வரும் கப்பல் 82 பாகையை ஒட்டி வளைந்து, பின்னர் வடமேற்கே திரும்ப வேண்டும். 84 பாகைக்குப் போவதென்றால் நிலக்கரியை வீணாக்கிக்கொண்டு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் கிழக்கே விலகியிருக்க வேண்டும். செங்கற்பட்டிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டவர் வேலூரில் எங்களைக் கண்டார் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? நீரோட்டம் பாய்க்கப்பலைச் சிறிது நகர்த்தியிருக்கலாம். ஆனால் அந்த நகர்வு இவ்வளவு தூரத்தை நிரப்பாது.

எடை சொல்லும் தீர்ப்பு

இயற்பியல் மாணவர்கள் இப்பகுதியைத் தாளும் பென்சிலுமாகப் படிக்க வேண்டுகிறேன்.

இராட்சதக் கணவாயைப் பற்றி இன்று நமக்கு நன்றாகத் தெரியும். பெண் விலங்கு நுனி முதல் நுனி வரை 13 மீட்டர் வரை வளரலாம். அந்நீளத்தில் பெரும்பகுதி இரையைப் பற்றும் இரு மெல்லிய கைகளுக்கே உரியது. எடை சுமார் 275 கிலோகிராம். நாம் தாராளமாக 300 என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 300 கிலோகிராம் கணவாய் நீரில் இருக்கும்போது எவ்வளவு கனக்கும்? ஏறக்குறைய ஒன்றுமில்லை! அதன் தசைகளில் அம்மோனியம் குளோரைடு கரைசல் நிறைந்திருக்கிறது. அது கடல்நீரை விட இலேசானது. அதனால்தான் இவ்விலங்கு காற்றுப்பை இல்லாமலே ஆழத்தில் மிதந்து நிற்கிறது. ஆர்க்கிமிடிசின் விதிப்படி, மிதக்கும் பொருள் கீழ்நோக்கி எதையும் இழுப்பதில்லை. ஒரு கப்பலைக் கீழே இழுக்க வேண்டுமானால் அது நீரை மேல்நோக்கிப் பீச்சிக்கொண்டே இருக்க வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதி கணவாய்க்கும் பொருந்தும். அல்லது நீரை விட்டு வெளியேறித் தன் முழு எடையையும் கப்பலின் விளிம்பில் தொங்கவிட வேண்டும். இரண்டாவது வழியையே எடுத்துக்கொள்வோம். சாட்சிகள் சொன்னதும் அதுதான்.

கப்பல் சாயும்போது அதை மீண்டும் நிமிர்த்தும் ஒரு திருப்புத்திறன் தோன்றுகிறது. கப்பலின் எடை, மெட்டாசென்டர் உயரம், சாய்வுக் கோணத்தின் சைன் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனே அது. (150 டன் என்பது எடையன்று. அக்காலக் கப்பல் பதிவில் ஒரு டன் என்பது 100 கன அடி கொள்ளளவு. எனினும், அடிப்பாரம் ஏற்றிய நிலையில் கப்பலின் எடையும் 150 டன் என்று கொள்வது பெரும் பிழையாகாது.) மெட்டாசென்டர் உயரம் 0.6 மீட்டர், கப்பலின் அகலம் 6 மீட்டர் என்று கொள்க. விளிம்பில் தொங்கும் கணவாயின் திருப்புத்திறன் 300 × 3, அதாவது 900. கப்பலின் பக்கம் 1,50,000 × 0.6, அதாவது 90,000. இதைச் சைனால் பெருக்க வேண்டும். ஆகவே சாய்வுக் கோணத்தின் சைன் நூறில் ஒன்று. கோணம் சுமார் அரைப் பாகை.

அரைப் பாகை! மேசை மேல் வைத்த தேநீர்க் கோப்பை கூட நகராது. கப்பலை 20 பாகை சாய்க்க விளிம்பில் 10 டன்னுக்கு மேல் தொங்க வேண்டும். அதற்கு முப்பத்து நான்கு இராட்சதக் கணவாய்கள் வரிசையாக ஒரே பக்கத்தில் தொங்கினால்தான் உண்டு.

பிளாய்டு சொன்ன விலங்கு இதைவிட மிகப் பெரிது என்பீர்கள். சரி. கப்பலின் பருமன், கப்பலில் பாதி நீளம் என்றாரே, அதையும் கணக்கிடுவோம். 25 மீட்டர்க் கப்பலாயின் 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் குறுக்களவும் கொண்ட உருளை. கன அளவு சுமார் 340 கன மீட்டர். முனைகள் குறுகியிருக்கும் என்று பாதியைக் கழித்தாலும் 170 டன் வருகிறது. உலகிலேயே பெரிய விலங்கான நீலத் திமிங்கலத்தின் உச்ச அளவு ஏறத்தாழ அவ்வளவுதான். திமிங்கலத்துக்கு எலும்பு உண்டு, நுரையீரல் உண்டு. கணவாயின் இரத்தமோ இரும்புக்குப் பதில் தாமிரத்தைக் கொண்டு ஆக்சிஜனைச் சுமக்கிறது; நம் இரத்தத்தின் திறன் அதற்கு இல்லை. வெப்பம் ஏற ஏற அத்திறன் மேலும் குறையும் என்றும், குளிர்ந்த ஆழத்துக் கணவாய் வெதுவெதுப்பான மேல்நீருக்கு வந்தால் மூச்சுத் திணறும் என்றும் உயிரியலார் கருதுகிறார்கள். மே மாதத்து வங்கக் கடலின் மேற்பரப்பு 29, 30 பாகை செல்சியசில் கொதிக்காத குறையாக இருக்கிறது. அங்கு வந்து போர் புரியும் நிலையில் எந்த இராட்சதக் கணவாயும் இருக்க முடியாது.

கடலுயிரியலார் இன்று இக்கதையை மெய் நிகழ்ச்சியாக ஏற்பதில்லை.

நியூபவுண்டுலாந்துக்காரர் எங்கிருந்து வந்தார்?

எனினும் இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் பில் டார்லிங். கடலில் எழுந்த பிண்டத்தைக் கண்டவுடன் கணவாய் என்று இனம் கண்ட ஒரே மனிதர் அவர். அவரை நியூபவுண்டுலாந்துக்காரர் என்று அறிமுகப்படுத்துகிறது செய்தி. வட அமெரிக்காவின் கிழக்கு முனையில் உள்ள தீவு அது. வங்கக் கடலில் நெல் ஏற்றப் போகும் ஒரு சிறு கப்பலில் அத்தீவைச் சேர்ந்தவர் இருக்கக் கூடாதா? இருக்கலாம். ஆனால் ஆண்டைக் கவனியுங்கள்.

1873 அக்டோபரில் நியூபவுண்டுலாந்தின் போர்ச்சுகல் கோவ் என்ற இடத்தில் ஒரு சிறு படகைப் பெரிய கணவாய் ஒன்று பற்றிக்கொண்டது. மீனவர்கள் அதன் கையை வெட்டிக் கரைக்குக் கொண்டு வந்தனர். வெட்டுப்பட்ட துண்டு மட்டும் 19 அடி நீளம். மோசஸ் ஹார்வி என்னும் பாதிரியார் அதை வாங்கிப் பாதுகாத்தார். சில வாரங்களில் லோகி விரிகுடாவில் மீன் வலையில் ஒரு முழுக் கணவாயே சிக்கிற்று. ஹார்வி அதனையும் விலைக்கு வாங்கி, தம் வீட்டுக் குளியல் தொட்டியின் திரைக்கழியில் தொங்கவிட்டுப் படம் எடுக்கச் செய்தார். அறிவியல் உலகமே பேசிய செய்தி அது. அதற்கு முன்பே, 1870இல் முழு நூலாக வந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் கடலடிப் பயணக் கதையில், நீர்மூழ்கிக் கப்பலோடு கணவாய்க் கூட்டம் பொருதும் காட்சி இடம்பெற்றிருந்தது. 1873க்குள் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் கிடைத்தது. இவை இரண்டும் நடந்த ஓராண்டுக்குள், சரியாக ஒரு நியூபவுண்டுலாந்துக்காரர் வங்கக் கடலில் தோன்றிக் கணவாயைப் பற்றி எச்சரிக்கிறார்! கதையை எழுதியவர் நாளேடுகளை ஒழுங்காகப் படித்து வந்தவர் என்பதே என் துணிபு.

பூதம் விலங்கான கதை

கதை பொய். ஆனால் விலங்கு மெய். இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

ஐரோப்பாவின் வடபுறத்து மாலுமிகள் கிராக்கன் என்று ஒரு கடல்பூதத்தைப் பற்றிப் பேசி வந்தனர். நார்வே நாட்டுப் பேராயர் எரிக் பொன்டாப்பிடான் 1750களின் தொடக்கத்தில் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் அதற்கு இடமளித்தார். அதன் முதுகு தீவு போல் மிதக்கும், சுற்றளவு ஒன்றரை மைல் என்றெல்லாம் எழுதினார். கற்றவர்கள் நகைத்தனர். நகைத்தவர்கள் பிறகு ஒரு தவறு செய்தார்கள். ஒன்றரை மைல் பொய் என்பதால் எல்லாமே பொய் என்று முடிவு கட்டினார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த விலங்கியல் அறிஞர் யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் அப்படிச் செய்யவில்லை. பழைய ஏடுகளில் கரை ஒதுங்கியதாகக் கண்ட விசித்திரப் பிராணிகளின் குறிப்புகளைத் திரட்டினார். கரையில் கிடைத்த ஓர் அலகைக் கையில் வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். கிளியின் அலகு போலக் கறுத்து வளைந்த வாயுறுப்பு அது. எல்லாக் கணவாய்களுக்கும் உண்டு. சமைக்கும்போது நீங்கள் பிடுங்கி எறிவீர்களே, அதுதான். அந்த அலகின் அளவைக் கொண்டு 1857இல் அவர் ஆர்க்கிட்யூதிஸ் என்ற புதிய இனத்துக்குப் பெயரிட்டார். 1861 நவம்பரில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் 'அலெக்டன்' கனேரித் தீவுகளுக்கு அருகில் உயிருள்ள ஒன்றையே கண்டது. சுருக்குக் கயிறு போட்டு இழுத்தார்கள். கயிறு சதையை அறுத்துக்கொண்டு வந்துவிட, வால்பகுதி மட்டும் மிஞ்சியது. அப்போதும் பாரிசில் பலர் நம்பவில்லை. நியூபவுண்டுலாந்துப் படம் வந்த பிறகே வாய்கள் மூடின.

இயல்பான இடத்தில் உயிரோடு அதைப் படம் பிடிக்க மேலும் 130 ஆண்டுகள் ஆயின. 2004 செப்டம்பரில் ஜப்பானியர்களான குபோடெராவும் மோரியும் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே 900 மீட்டர் ஆழத்தில் தூண்டிலோடு ஒரு கேமராவை இறக்கினார்கள். தூண்டிலில் சிக்கிய கணவாய் நான்கு மணி நேரத்துக்கு மேல் போராடி, ஒரு கையை இழந்து தப்பியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைத்தன. 2012இல் அசையும் படமும் எடுத்துவிட்டார்கள்.

யாருக்கு அரிது?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். இராட்சதக் கணவாய் அரிய விலங்கா?

மனிதனைக் கேட்டால், ஆம். ஸ்பெர்ம் திமிங்கலத்தைக் கேட்டால் சிரிக்கும். அத்திமிங்கலம் ஆயிரம் மீட்டருக்கும் கீழே மூழ்கிக் கணவாய்களையே உணவாகக் கொள்கிறது. ஒரே திமிங்கலத்தின் வயிற்றில் ஆயிரக்கணக்கான கணவாய் அலகுகளை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் ஆர்க்கிட்யூதிசின் அலகுகளும் உண்டு. நமது கரையிலும் இதற்குச் சாட்சி ஒதுங்குகிறது. மீனம்பர் என்று சித்த மருத்துவ ஏடுகள் கூறும் பொருள், செரிக்காத அலகுகளைச் சுற்றி ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாவதே. உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு அலகுகள் இருக்கும். (கையில் கிடைத்தால் விற்றுவிடலாம் என்று எண்ணாதீர்கள். இந்தியாவில் அது குற்றம். கடத்தியவர்கள் பிடிபட்ட செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருகிறது.)

900 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 வளிமண்டலம். கதிரவன் ஒளி நம் கண்ணுக்கு எட்டாது. அங்கு வாழும் விலங்குக்குக் கால்பந்து அளவில் கண் இருக்கிறது. எதற்கு? திமிங்கலம் நெருங்கும்போது அதன் உடல் பட்டு நீரிலுள்ள நுண்ணுயிர்கள் ஒளிர்கின்றன. அந்த மங்கிய ஒளியுருவை நூறு மீட்டருக்கு அப்பாலேயே காண இவ்வளவு பெரிய கண் தேவை என்று 2012இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆக, அவ்விலங்கு எண்ணிக்கையில் அரிதாக இருப்பதால் நமக்கு அரிதாகவில்லை. நாம் வாழும் இடமும் அது வாழும் இடமும் வேறு என்பதால் அரிதாயிற்று.

எல்லாக் கடல் விலங்குகளுக்கும் இப்படிச் சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

மாமல்லபுரத்தில் திரௌபதி இரதத்தின் முன் நின்று, வாயிலின் மேலுள்ள மகர தோரணத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் உள்ளே இருக்கும் கொற்றவையைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மகரம் நம் நாட்டுக் கடல்பூதம், வருணனின் ஊர்தி. ஆனைத் துதிக்கை, முதலை வாய், மீன் உடல். பல்லவச் சிற்பி எதையும் இல்லாததிலிருந்து படைக்கவில்லை. கண்ட விலங்குகளின் உறுப்புகளைத்தான் கோத்திருக்கிறார். அந்த முதலை வாய்க்கு நல்ல மாதிரி, 5 மீட்டருக்கு மேலும் வளரும் உவர்நீர் முதலை. இன்று தமிழ்நாட்டின் கழிமுகங்களில் அது இல்லை. அதைக் காண வேண்டுமானால் அதே கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போய், 1976இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையில் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்க வேண்டும்.

இன்னொரு பூதமும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அதைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் தொண்டை நாட்டுத் துறையான நீர்ப்பெயற்றையும் அங்கிருந்த கலங்கரை விளக்கத்தையும் பாடினார். அத்துறை மாமல்லபுரமே என்பாரும் உளர். கொம்புள்ள சுறா எது? நம் மீனவர்கள் வேளா என்று அழைக்கும் மீன்தான். முகத்தின் முன்னே இரு புறமும் பல் வைத்த இரம்பம் போல நீண்டிருக்கும். உண்மையில் அது சுறா அன்று, திருக்கையின் இனம். செவுள் பிளவுகள் வயிற்றுப் பக்கம் இருப்பதே அடையாளம். பெரிய இனம் 6 மீட்டருக்கு மேல் வளரும். அந்தக் கொம்பு வெறும் ஆயுதமன்று. இரையின் தசைகளில் எழும் மிக நுண்ணிய மின்புலத்தை உணரும் உறுப்புகள் அதில் வரிசையாக உள்ளன. கலங்கிய நீரில் கண் செய்யாத வேலையை அது செய்கிறது.

அந்தக் கொம்பே அதற்கு யமனாயிற்று. பருத்தி நூல் வலை போய் நைலான் வலை வந்தது. விசைப்படகும் இழுவலையும் வந்தன. எந்த வலையானாலும் இரம்பத்தின் பல் சிக்கிக்கொள்ளும். பின் அம்மீனால் திரும்ப முடியாது. மற்ற மீன்களைப் போல இலட்சக்கணக்கில் முட்டையிடாமல், ஓர் ஈற்றுக்குச் சில குட்டிகளையே ஈனும் விலங்கு அது. சுறாத் துடுப்புக்கு ஏற்றுமதி விலை வேறு கூடிற்று. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வேளா இனங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. ஆனால் சட்டம் வந்தபோது கடலில் அது அருகிவிட்டிருந்தது. இன்று உலகம் முழுவதிலும் அழிவின் விளிம்பில் உள்ள மீன்களுள் அது ஒன்று. 'பேர்ல்' கப்பலின் கணவாயைப் போல ஆழத்தில் ஒளிந்துகொண்டு அது அரிதாகவில்லை. கரையோரத்தில், ஆற்று முகத்தில், நம் கண்ணெதிரே வாழ்ந்த விலங்கு. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகல்தோறும் சோறுண்ண வந்த கழுகுகளும் பல ஆண்டுகளாக வருவதில்லை அல்லவா? அதைப் போலத்தான்.

உலகின் பல நாடுகளில் வேளாவைத் தேடும் ஆய்வாளர்கள் வலையோடு கடலுக்குப் போவதற்கு முன், குறிப்பேட்டோடு மீனவக் குப்பங்களுக்குத்தான் போகிறார்கள். இது உங்களாலும் முடியும். கோவளம், பட்டிபுலம், சதுரங்கப்பட்டினம் ஆகிய ஊர்களில் எதிலேனும் உங்களுக்கு உறவினரோ வகுப்புத் தோழரோ இருந்தால், அங்குள்ள முதியவர்களிடம் போய் உட்காருங்கள். தாத்தா, வேளாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். எத்தனை முழம் இருந்தது, எந்தத் துறையில், எந்த வலையில், கொம்பு என்னவாயிற்று என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டு நினைவில்லை என்பார்கள். நீங்கள் ஆண்டைக் கேட்காதீர்கள். சுனாமிக்கு முன்பா, பின்பா என்று கேளுங்கள். முன்பு என்றால், நைலான் வலை வந்த பிறகா, அதற்கும் முன்பா என்று கேளுங்கள். சுனாமி 2004 டிசம்பர் 26. அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் ஆண்டு தானே கிடைத்துவிடும்.